எட்டு மணி பஸ், ஐந்தரை மணிக் கடிகாரம்: பெற்றோரை மலேசிய பஸ் டூருக்கு அழைத்துப் போகும் செட்டிநாட்டுக்காரர்களுக்கு

அப்பச்சியின் (என் அப்பாவின்) கையில் கட்டியிருப்பது கீ கொடுக்கிற பழைய எச்எம்டி. அதைக் கழற்றவும் மாட்டார், வெளிநாடு போனாலும் முள்ளைத் திருப்பவும் மாட்டார். "ஊர் நேரம் தெரியணும்ல?" என்பார். பத்துமலையில் வழிகாட்டி, "ஐயா, பத்தேகாலுக்குப் பஸ் கெளம்பிரும் லா" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். அப்பச்சி மனக்கணக்குப் போட்டார்: இரண்டு மணி நேரம் கழித்தால் நம்ம நேரம் எட்டேகால். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த அரை மணி அவர் கணக்கில் விட்டுப்போயிற்று. எட்டேகாலுக்குச் சரியாக, சிரித்த முகத்தோடு, விபூதி மணக்க இறங்கி வந்தார். அங்கே மணி பத்தே முக்கால். பஸ் பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது.

புதுவயலில் இருந்து நாங்கள் நாலு பேர் போனோம்: ஆத்தா (அம்மா), அப்பச்சி, நான், பத்து வயது மகன். எல்லாருக்கும் முதல் வெளிநாடு. போகும் முன் தெரிந்திருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது என்று தோன்றியதை எல்லாம் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். கோலாலம்பூரில் தங்கி, பத்துமலை முருகன் கோயிலும் கெந்திங் என்கிற மலை உல்லாச இடமும் சேர்த்து ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றிக் காட்டும் டூரை வைத்துத்தான் சொல்கிறேன். நம் பக்கத்து டிராவல்ஸ்காரர்கள் விற்கும் மலேசியா பேக்கேஜில் இந்த நாள் ஏறக்குறைய தப்பாமல் இருக்கும்.

1. பணம் கட்டும் முன் அந்த மூன்று எழுத்தைத் தேடுங்கள்

பயணத் திட்டம் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு நாளுக்குப் பக்கத்திலும் 'எஸ்ஐசி' என்றோ 'பிரைவேட்' என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். எஸ்ஐசி என்றால் பலரோடு பகிர்ந்து போகும் பஸ்ஸில் உங்களுக்கு ஓர் இருக்கை. பஸ் உங்களுக்காக நிற்காது. நாலைந்து ஹோட்டல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு வரும், குறித்த நேரத்தில் நீங்கள் லாபியில் இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும், காசும் திரும்ப வராது. பிரைவேட் என்றால் வண்டி உங்களுடையது. விலை கூடுதல், ஆனால் மூட்டுவலிக்காரர்கள் இருவர் இருந்தால் அந்தக் கூடுதல் தண்டம் கிடையாது. கிட்டத்தட்ட ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் ஒரு வேனை எடுத்துவிடுவதே கணக்குக்கு ஒத்துவரும்.

அடுத்து, தாளின் கடைசிப் பக்கத்தில் 'சேராதவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. எங்கள் தாளில் சேராதவை: மதியச் சாப்பாடு, கெந்திங் கேபிள் கார் டிக்கெட், ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் டிப்ஸ், ஹோட்டலில் கட்டும் சுற்றுலா வரி, பயணக் காப்பீடு. கேபிள் கார் இல்லாமல் கெந்திங் டூர் எதற்கு என்று கேட்டதற்கு, "கீழே வரைக்கும் கொண்டுபோய் விடுவோம் மேடம்" என்றார்கள். ஆகவே இதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: "கேபிள் கார் போக வர டிக்கெட் நாலு பேருக்கும் சேர்த்தி" என்று நீங்களே எழுதி அனுப்பி, 'ஆமாம்' வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை பற்றியும் ஒன்று. அந்த ஒரு நாள் டூருக்கு நாங்கள் காரைக்குடியில் கொடுத்தது தலைக்கு 4,200 ரூபாய். அதே பஸ்ஸில் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்க் குடும்பம் கைப்பேசிச் செயலியில் நேரடியாகப் பதிவு செய்து 150 ரிங்கிட் கட்டியிருந்தது. ரிங்கிட் 20 ரூபாயை ஒட்டி இருந்த சமயம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்ட் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரும் பிழைக்க வேண்டும். விமானமும் ஹோட்டலும் அவரிடம் எடுத்து, டூரை மட்டும் நீங்களே எடுக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. பாஸ்போர்ட்டும் நம் ஊர் இனிஷியலும்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். சிவகங்கை மாவட்டம் என்றால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டம் என்றால் திருச்சி. செட்டிநாடு இரண்டு மாவட்டத்திலும் கிடப்பதால் சொல்கிறேன்: ராயவரத்துச் சொந்தக்காரர் சொன்ன வழி பள்ளத்தூர்க்காரருக்கு அப்படியே பொருந்தாது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. அறுபதைத் தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், போகும் நாளில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய தலைவலி. நம் ஆட்களுக்குப் பெயருக்கு முன்னால் ரயில் பெட்டி மாதிரி இனிஷியல் தொங்கும். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று, வங்கியில் வேறொன்று. பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுதியிருப்பார்கள். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அப்பச்சி டிக்கெட்டை ஏஜென்ட் ஆதாரைப் பார்த்துப் போட்டுவிட்டார். திருத்தக் கட்டணமும் போய், இரண்டு நாள் தூக்கமும் போயிற்று. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். வாயால் பெயர் சொல்லாதீர்கள். ஆத்தாவுக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலி, ஒற்றைப் பெயர்தான். மலேசியாவுக்கு அதனால் சிக்கல் வரவில்லை. ஆனால் ஒற்றைப் பெயரை டிக்கெட்டில் எந்தக் கட்டத்தில் எப்படிப் போடுவது என்பது விமானத்துக்கு விமானம் மாறும். பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

பத்தாவது படிக்காத பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதிச் சோதனை தேவை, என்று இருக்கலாம். மலேசியா அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அது வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு; சுற்றிப் பார்க்கப் போகிறவர்களைத் தடுக்காது. ஆனாலும் குடியேற்ற மேஜையில் இரண்டு கேள்வி கூடுதலாக வரும். திரும்பி வரும் டிக்கெட்டும் ஹோட்டல் பதிவும் அவர்கள் கையிலேயே தாளாக இருக்கட்டும். உங்கள் கைப்பேசிக்குள் இருப்பது அடுத்த வரிசையில் நிற்கும் அவர்களுக்கு உதவாது.

3. நாள் பார்ப்பது

பிள்ளையார் நோன்புக்கு ஊரில் இருந்தாக வேண்டும் என்று ஆத்தா சொன்னதால், நோன்பு முடிந்த கையோடு டிசம்பர் கடைசியில் கிளம்பினோம். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். டிசம்பரில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி விடுமுறை. கெந்திங்கில் கேபிள் காருக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்து, "என்னடி இது, வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்த மாதிரி இருக்கு" என்றார் ஆத்தா.

தைப்பூசத்தை ஒட்டியும் வேண்டாம். பத்துமலைக்கு லட்சக்கணக்கில் ஆள் வரும் நாட்கள் அவை; டூர் பஸ் கிட்டே போக முடியாது. பூசத்தைப் பார்க்கத்தான் போகிறேன் என்றால் அது வேறு பயணம், பஸ் டூரில் அடங்காது. வாரத்தில் செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. சனி ஞாயிறு கெந்திங் வேண்டாம். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறும் எண்ணம் இருந்தால் திங்கட்கிழமை அது மூடியிருக்கும்.

முக்கியமான ஒன்று: இறங்கிய நாளே டூர் வைக்கச் சொல்லாதீர்கள், வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருச்சியில் இருந்து இரவு விமானம் ஏறினால் விடியற்காலையில் கோலாலம்பூர். ஹோட்டல் அறையோ மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள். 'அந்த நேரத்தை வீணாக்காமல்' என்று ஏஜென்ட் ஒரு டூரைச் செருகப் பார்ப்பார். இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த கால் வீங்கியிருக்கும். அந்தக் காலோடு பத்துமலைப் படி வேண்டாம்.

4. விசா இல்லை, ஆனால் அட்டை உண்டு

இந்தியர்களுக்கு மலேசியா 30 நாள் வரை விசா கேட்பதில்லை. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா இல்லை என்பதால் எதுவும் வேண்டாம் என்று நினைத்துப் போய் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்டிஏசி என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனியாக. முன்கூட்டியே உட்கார்ந்து நிரப்பினால் ஏற்காது.

இதற்குக் கட்டணம் கிடையாது. கூகுளில் தேடினால் மேலே வரும் சில பக்கங்கள் அரசுப் பக்கம் போலவே இருந்து, கடைசியில் கார்டு எண் கேட்கும். காசு கேட்டாலே அது தப்பான இடம், வெளியே வந்துவிடுங்கள். ஏஜென்ட் நிரப்பித் தருகிறார் என்றால் பாஸ்போர்ட் எண்ணை நீங்கள் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மேஜையில் நின்று புதிதாக நிரப்ப வேண்டியதுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். பாஸ்போர்ட் நகல், போக வர டிக்கெட், ஹோட்டல் பதிவு, எம்டிஏசி தாள், டூர் சீட்டு, காப்பீட்டுத் தாள், ஒரு சின்ன அட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணும் ஹோட்டல் பெயரும். இந்தக் கடைசி அட்டையை ஆத்தா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார், திருவிழாக் கூட்டத்தில் காசு முடிகிற மாதிரி. அதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை.

காப்பீட்டை விடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்காமல் சொல்லி எடுங்கள். மறைத்து எடுத்தால் அவசரத்துக்கு அது வெறும் தாள்.

5. பணம்

இந்திய ரூபாய் நோட்டாக ஒருவர் 25,000 வரைதான் எடுத்துப் போகலாம். உரிமம் உள்ள கடையில், ரசீது போட்டு, ரிங்கிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மாற்றினால் விகிதம் அடிபடும். மொத்தத்தையும் ஊரிலேயே மாற்ற வேண்டாம். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் பணம் மாற்றும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடாமல் கார்டைக் கொண்டுபோனால் அது வெறும் பிளாஸ்டிக். கிளம்பும் முன் வீட்டிலேயே திறந்துவிடுங்கள்.

ஹோட்டலில் நுழையும்போது அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கேட்பார்கள். ஏமாற்று இல்லை, வெளிநாட்டவர் எல்லாரும் கட்டுவது. இதுபோக முன்பணமும் கேட்கலாம். காலி செய்யும்போது திரும்ப வரும், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

டூர் நாளுக்கு மட்டும் தனியாகச் சில்லறை எடுத்து வையுங்கள்: ஒரு ரிங்கிட், ஐந்து ரிங்கிட் நோட்டுகளும் கொஞ்சம் காசுகளும். கழிப்பறைக்குப் பல இடங்களில் காசு கேட்கிறார்கள். நூறு ரிங்கிட் நோட்டை நீட்டிக்கொண்டு கழிப்பறை வாசலில் நிற்பது என்ன பாடு என்று அப்பச்சியைக் கேளுங்கள்.

6. பெட்டியில் எது, எது வேண்டாம்

சீடையும் தேன்குழலும் மணகோலமும் தாராளமாகக் கொண்டு போங்கள். அடைத்த பொட்டலமாக, பெட்டியில் போடுங்கள். ஊறுகாய், தொக்கு, நெய் கைப்பையில் போகாது, சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். தேங்காயும் கொப்பரையும் வேண்டாம். பத்துமலையிலேயே அர்ச்சனைத் தட்டு கிடைக்கிறது.

வீட்டில் அரைத்த கறி மசாலாப் பொடியை எடுத்து வெளியே வையுங்கள். நம் மசாலாவில் கசகசா இருக்கும். அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது பெரிய வம்பு. போகிற வழியிலோ அடுத்த பயணத்திலோ அதே பெட்டி அங்கே திறக்கப்படலாம். ஒரு வாரம் மசாலா இல்லாமல் உயிர் போகாது.

மருந்து அட்டையை வெட்டாமல், மருத்துவர் சீட்டோடு, கைப்பையில். கெந்திங் மலைப்பாதை வளைவுக்கு வாந்தி மாத்திரை. மேலே குளிர் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கும், பனிமூட்டம் வேறு. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். கீழே வேர்க்கும், மத்தியானம் மழை கொட்டும், ஒரு குடை. செருகுமுனை அங்கே சதுரமான மூன்று கால், நம் சார்ஜர் பொருந்தாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நகை. ஆத்தாவின் வைரத் தோட்டைக் கழற்றச் சொன்னதில் எங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றது. "கல்யாணத்துல போட்டது, கழட்டினது கிடையாது" என்றார். முடிவில் தாலிச் சங்கிலியும் தோடும் மட்டும் என்று சமாதானம். கூடுதலாகப் போட்டுத்தான் போவேன் என்பவர்கள், கிளம்பும்போதே திருச்சியில் சுங்கத்துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியதா' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

7. செம்பட்டு வரை

காரைக்குடியில் இருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாக இரண்டு மணி நேரம். திருச்சி ஊருக்குள் போகவே வேண்டாம், விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் செம்பட்டிலேயே வந்துவிடும். விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள்.

நள்ளிரவு விமானக்காரர்கள் தேதியை இருமுறை பாருங்கள். '12-ஆம் தேதி 0:30' என்றால் 11-ஆம் தேதி இராத்திரியே கிளம்ப வேண்டும். பன்னிரண்டாம் தேதி சாயந்தரம் வீட்டில் சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக் கிளம்பிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

விலை குறைந்த விமானங்களில் டிக்கெட்டோடு ஏழு கிலோ கைப்பைதான். பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பதிவு செய்யும்போதே கட்டினால் மலிவு, கவுன்டரில் கட்டினால் கண்ணீர். வீட்டுத் தராசில் எடை போட்டுவிடுங்கள்.

8. டூர் நாள் காலை

முதல் வேலை, கடிகாரங்கள். இரவே எல்லார் கடிகாரத்தையும் வாங்கி இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். அப்பச்சி மாதிரி முரண்டு பிடிப்பவர் என்றால் அந்தக் கடிகாரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கைப்பேசி தானாகவே மாறிவிடும், ஆனால் பெரியவர்கள் நேரம் பார்ப்பது மணிக்கட்டில்தான்.

எட்டு மணிக்கு ஏற்றுவோம் என்றால் ஏழே முக்காலுக்கு லாபியில் இருக்க வேண்டும். நம் உடம்புக்கு அது ஐந்தே கால். ஆகவே ஹோட்டல் காலை உணவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முந்தின இரவே கேளுங்கள். ஏழரைக்குத்தான் என்றால் வயிற்றுக்கு வேறு வழி பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தங்கினால் இட்லியும் தோசையும் காலையிலேயே கிடைக்கும். மதியத்துக்கும் சேர்த்துப் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். கெந்திங் மேலே சைவம் தேடுவது தனி வேலை, விலையும் தாங்காது. கட்டுச்சோறு எடுத்துப் போவதில் நமக்கென்ன வெட்கம்?

பஸ் வந்ததும் ஏறுவதற்கு முன் மூன்று காரியம். பஸ்ஸின் எண் பலகையைப் படம் எடுங்கள். எல்லா டூர் பஸ்ஸும் ஒரே மாதிரி இருக்கும், நிறுத்துமிடத்தில் இருபது நிற்கும். வழிகாட்டியின் கழுத்தில் தொங்கும் உரிம அட்டையைப் பாருங்கள், அரசு கொடுப்பது அது. அவர் எண்ணை வாங்கி, அங்கேயே ஒரு அழைப்பு விட்டுப் பாருங்கள். பத்துமலையில் பஸ்ஸை விட்டபோது எங்களிடம் எண் இருந்தது; நான் ரோமிங் பேக் போடாததால் அழைப்பு போகவில்லை. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு உள்ளூர் சிம் வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

முன் இருக்கை முந்தியவருக்கு. மலைப்பாதையில் தலைசுற்றும் ஆள் இருந்தால் வழிகாட்டியிடம் தமிழிலேயே சொல்லுங்கள். தமிழ் வழிகாட்டி வேண்டும் என்று பதிவின்போதே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறார்கள்.

கொஞ்சம் மலாய் வார்த்தை. 'தண்டாஸ்' என்றால் கழிப்பறை. 'கெலுவார்' வெளியே போகும் வழி. 'டாகிங் லெம்பு' மாட்டிறைச்சி. வேண்டாதவர்கள் இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டுச் சாப்பிடுங்கள், தமிழ் முஸ்லிம் கடைகளிலும் அது இருக்கும். தேநீருக்கு 'குராங் மானிஸ்' என்று சொன்னால் சர்க்கரை குறைப்பார்கள். குறைத்தும் நமக்கு இனிப்புத்தான்.

9. பத்துமலை: யார் ஏறுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்யுங்கள்

272 படி. செங்குத்து. பஸ் டூரில் தருவது முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி. இளைஞர்கள் ஏறி, கும்பிட்டு, படம் எடுத்து, இறங்க அந்த நேரம் சரியாக இருக்கும். அறுபதைத் தாண்டியவர்கள் நின்று நின்று ஏறினால் நிச்சயம் போதாது.

ஊரிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு காலையில் குன்றக்குடிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே நடுவில் எத்தனை முறை உட்காருகிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு தடவைக்கு மேல் உட்கார்ந்தால் பத்துமலையில் கீழேயே இருக்கட்டும். குறை ஒன்றும் இல்லை: 140 அடி முருகன் கீழேதான் நிற்கிறார், அடிவாரத்திலும் சன்னதிகள் இருக்கின்றன, சைவச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். ஆத்தா அப்படித்தான் இருந்தார். இளநீர் குடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த ஈப்போ அம்மா ஒருவரிடம் அவர்கள் பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம் என்பதுவரை விசாரித்து முடித்துவிட்டார்.

படி ஏறச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை; சன்னதி முன்னால்தான். முழங்கால் தெரியும் உடையோடு போகும் பெண்களுக்குக் கீழேயே துணி வாடகைக்குக் கட்டிவிடுவார்கள், காசு கொடுக்க வேண்டும். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும்: பழம், தண்ணீர் பாட்டில், பளபளப்பான பை. அர்ச்சனைத் தட்டைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

பிரிந்து போனால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் எல்லார் முன்னாலும் இரண்டு முறை சொல்லுங்கள். பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்லாதீர்கள். அதற்கு இருபது நிமிஷம் முன்னாலான நேரத்தைச் சொல்லுங்கள்.

பஸ் போய்விட்டால்? அழக்கூடாது. கிராப் செயலியில் வண்டி கூப்பிடலாம். நாங்கள் நாலு பேரும் ஒரே காரில் எழுபது ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து கெந்திங் அடிவாரத்து ஆவானா கேபிள் கார் நிலையத்துக்குப் போய், அங்கே எங்கள் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். கார் முழுக்க அப்பச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. கடிகாரத்தைக் காதருகே வைத்து ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கெந்திங்கை விட்டுவிடலாம் என்று நினைத்தால் பத்துமலை வாசலிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. சில ரிங்கிட்டில் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேரலாம். எதுவானாலும் வழிகாட்டிக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், பாவம், அவரும் தேடிக்கொண்டிருப்பார்.

10. கடை நிறுத்தம்

நடுவில் 'சும்மா பாருங்கள்' என்று ஒரு சாக்லேட் கடையிலோ துணிக்கடையிலோ நிறுத்துவார்கள். தாளில் இதையும் 'பார்க்கும் இடம்' என்று போட்டிருப்பார்கள். நுழைந்ததும் சட்டையில் ஒட்டுச்சீட்டு ஒட்டிவிடுவார்கள், எந்தக் குழுவின் ஆள் என்று அடையாளம். ருசிக்கத் துண்டு துண்டாக நீட்டுவார்கள். வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. டுரியன் சாக்லேட் ஒரு பெட்டி வாங்கினோம், அப்புறம் ஊர்ச் சந்தைக் கடையில் அதே பெட்டி பாதி விலைக்குக் கிடந்தது. இங்கே செய்ய வேண்டிய உருப்படியான காரியம், கழிப்பறைக்குப் போவது. சுத்தமாக இருக்கும், காசும் இல்லை.

11. கெந்திங்

ஆவானாவில் பஸ் விட்டுவிடும். அங்கிருந்து மேலே கேபிள் கார், பத்து நிமிஷம். தரை கண்ணாடியாக இருக்கும் பெட்டிக்குத் தனி விலை. தலைசுற்றுகிறவர்களுக்கு வேண்டாம், மற்றவர்களுக்கும் பனிமூட்டத்தில் கீழே வெள்ளையாகத்தான் தெரியும். நடுவில் சின் சுவீ கோயில் நிலையத்தில் இறங்கிப் பார்க்கலாம். மேலே விளையாட்டுப் பூங்காவுக்கு டிக்கெட் தனி. மூன்று மணி நேரத்துக்காக அதை எடுக்காதீர்கள், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும்.

பெரிய பொறி திரும்பும்போதுதான். வழிகாட்டி 'நாலு மணிக்கு ஆவானாவில் பஸ்' என்றால், மேலே நாலு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இறங்குவதற்கும் அதே வரிசை. விடுமுறை நாளில் அது முக்கால் மணி நேரம் நகராமல் நிற்கும். ஒரு மணி நேரம் முன்பே வரிசைக்கு வந்துவிடுங்கள். இந்தத் தடவை அப்பச்சி ஒன்றரை மணி நேரம் முன்பே வந்து நின்று, எங்களையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

12. திரும்பி வரும்போது

விமான நிலையத்தில் நல்ல தமிழில், நல்ல பிள்ளை மாதிரி ஒருவர் வந்து, "அம்மா, எனக்கு எடை கூடிடுச்சு, இந்தப் பையை மட்டும் திருச்சி வரைக்கும்" என்பார். ஊர்ப் பெயரெல்லாம் சொல்வார். பெரியவர்கள் இரங்கிவிடுவார்கள். இந்த வழித்தடத்தில் குருவிகள், அதாவது கடத்தல் பொருளைச் சுமந்து போகிறவர்கள், அதிகம். பையில் தங்கம் இருந்தாலும் வேறெது இருந்தாலும் மாட்டுவது பையைத் தூக்கியவர்தான். போகும்போதும் அப்படியே, 'என் மகனுக்கு ஒரு பொட்டலம்' என்று தெரிந்தவரே கொடுத்தாலும் உங்கள் கையால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை. இதை ஆத்தா அப்பச்சியிடம் வீட்டிலேயே சொல்லி வையுங்கள். அங்கே முகத்துக்கு நேராக மறுக்க அவர்களுக்கு வராது. "மககிட்ட கேளுங்க" என்று சொல்லப் பழக்குங்கள்.

ஊருக்கு வந்தபின் ஒரு வேலை பாக்கி. பேக்கேஜாக எடுத்திருந்தால் ஏஜென்ட் டிசிஎஸ் என்று, பணம் வாங்கும்போதே பிடிக்கும் வரியாக, ஒரு தொகை பிடித்திருப்பார். அது யாருடைய பான் எண்ணில் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது தெரிய வேண்டும். வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத பெரியவர்கள்கூடக் கணக்குத் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வரும். எங்கள் ஏஜென்ட் மொத்தத்தையும் அப்பச்சி பான் எண்ணில் போட்டிருந்தார், ரசீது கேட்டபிறகுதான் தெரிந்தது. ஜூலை மாதம் ஆடிட்டரிடம் போகும்போது அந்த ரசீதையும் எடுத்துப் போங்கள்.